மையப் பணவீக்கம்: உணவையும் எரிபொருளையும் ஒதுக்கிவிட்டு விலைவாசியை அளப்பது எப்படி?

புதுதில்லி: ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் நாட்டின் சில்லறைப் பணவீக்கப் புள்ளிவிவரத்தை வெளியிடுகிறது. அன்று மாலையே செய்திகளில் இரண்டு எண்கள் அடிபடத் தொடங்குகின்றன. ஒன்று, அரசு அறிவிக்கும் ஒட்டுமொத்தப் பணவீக்கம். மற்றொன்று, பொருளாதார வல்லுநர்கள் கணக்கிட்டுச் சொல்லும் மையப் பணவீக்கம். இரண்டும் ஒரே திசையில் செல்லும் மாதங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று முற்றிலும் முரண்பட்டு நிற்கும் மாதங்களும் உண்டு.

2025 அக்டோபர் மாதம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அம்மாதம் ஒட்டுமொத்தச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகச் சரிந்தது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு அதுவே. உணவுப் பொருள்களின் விலைக் குறியீட்டெண் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 5.02 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மையப் பணவீக்கம் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தது. நாட்டில் விலைவாசி ஏறவே இல்லையா, அல்லது வழக்கமான வேகத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்ததா? இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை முடிவு செய்கிறது. அந்த வட்டி விகிதமே வீட்டுக் கடனின் மாதத் தவணையையும் வைப்புத் தொகைக்குக் கிடைக்கும் வட்டியையும் நிர்ணயிக்கிறது.

மையப் பணவீக்கம் என்றால் என்ன, அது எவ்வாறு அளக்கப்படுகிறது, இந்தியாவில் அதன் மீது ஏன் இத்தனை விவாதம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்தின் தோற்றம்

விலைகள் உயர்வதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. மழை பொய்த்தாலோ, வெங்காயப் பயிர் அழுகினாலோ, மேற்கு ஆசியாவில் போர் மூண்டு கச்சா எண்ணெய் வரத்து தடைபட்டாலோ சில பொருள்களின் விலை திடீரென ஏறுகிறது. அடுத்த விளைச்சல் சந்தைக்கு வந்ததும், கப்பல் போக்குவரத்து சீரானதும் அந்த விலை இறங்கிவிடுகிறது. இது வழங்கல் சார்ந்த, தற்காலிகமான உயர்வு. மற்றொரு வகை, பொருளாதாரத்தில் புழங்கும் பணமும் தேவையும் உற்பத்தித் திறனை மிஞ்சும்போது ஏற்படுவது. அப்போது வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, துணிமணி, முடிதிருத்தும் கூலி என எல்லாமே சிறிது சிறிதாக, ஆனால் தொடர்ச்சியாக உயர்கின்றன. இந்த இரண்டாவது வகையே எளிதில் தணியாதது. மத்திய வங்கியின் வட்டிக் கொள்கையால் கட்டுப்படுத்தக்கூடியதும் இதுவே.

இவ்விரண்டையும் பிரித்தறியும் தேவை 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கூர்மையடைந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் கோர்டன் 1975இல் உணவையும் எரிசக்தியையும் நீக்கிவிட்டு விலை உயர்வை ஆராய்ந்தார். 1981இல் ஆட்டோ எக்ஸ்டீன் இதே தலைப்பில் ஒரு நூலையே எழுதினார். எக்ஸ்டீனின் பார்வையில் மையப் பணவீக்கம் என்பது பொருளாதாரம் தன் நீண்டகால வளர்ச்சிப் பாதையில் சீராகச் செல்லும்போதும் நிலவக்கூடிய விலை உயர்வின் வேகம். அதன்பின் உலகின் பல மத்திய வங்கிகள் இக்கருத்தைத் தங்கள் ஆய்வுக் கருவியாக ஏற்றுக்கொண்டன.

இந்தியக் கணக்கீட்டின் அடித்தளம்

மையப் பணவீக்கத்தைப் புரிந்துகொள்ள, முதலில் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அமைப்பை அறிய வேண்டும். ஒரு சராசரிக் குடும்பம் எந்தெந்தப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் எவ்வளவு செலவிடுகிறது என்பதை வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு கண்டறிகிறது. அந்தச் செலவு விகிதமே ஒவ்வொரு பொருளுக்கும் எடைமதிப்பாக அமைகிறது. பின்னர் மாதந்தோறும் அதே பொருள்களின் விலை சேகரிக்கப்பட்டு, எடைமதிப்புக்கு ஏற்பக் கூட்டப்படுகிறது. 2012 வரிசையில் 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலைகள் திரட்டப்பட்டன.

அந்த வரிசையின் எடைமதிப்புகள் பின்வருமாறு: உணவு மற்றும் பானங்கள் 45.86 சதவீதம், பாக்கு, புகையிலை, போதைப் பொருள்கள் 2.38, ஆடை மற்றும் காலணி 6.53, வீட்டு வசதி 10.07, எரிபொருள் மற்றும் மின்சாரம் 6.84, இதரப் பிரிவு 28.32. மருத்துவம், கல்வி, போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு, பொழுதுபோக்கு, தனிநபர் பராமரிப்பு, வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவை இதரப் பிரிவில் அடங்கும்.

இதிலிருந்து உணவு மற்றும் பானங்கள், எரிபொருள் மற்றும் மின்சாரம் ஆகிய இரு பிரிவுகளை நீக்கினால் எஞ்சுவது 47.30 சதவீதம். இந்தியாவில் பொதுவாக மையப் பணவீக்கம் என்று சொல்லப்படுவது இந்த 47.30 சதவீதப் பகுதியின் விலை உயர்வே. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2012 வரிசை நடைமுறையில் இருந்த காலத்தில் அரசு மையப் பணவீக்கத்தைத் தனியொரு எண்ணாக அறிவிக்கவில்லை. வெளியிடப்பட்ட பிரிவுவாரிக் குறியீட்டெண்களைக் கொண்டு ரிசர்வ் வங்கியும், வங்கிகளின் ஆய்வுப் பிரிவுகளும், தனிப்பட்ட வல்லுநர்களும் தாங்களே கணக்கிட்டுக்கொண்டனர். ஒரே மாதத்துக்கு இரண்டு மூன்று வெவ்வேறு மையப் பணவீக்க எண்கள் செய்திகளில் வந்ததற்குக் காரணம் இதுவே.

கணக்கிடும் முறை

கணக்கு எளிமையானது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாதத்தில் பொதுக் குறியீட்டெண் 190, உணவுக் குறியீட்டெண் 200, எரிபொருள் குறியீட்டெண் 180 என வைத்துக்கொள்வோம்.

பொதுக் குறியீட்டெண்ணை 100ஆல் பெருக்கினால் 19,000. உணவுக் குறியீட்டெண்ணை அதன் எடைமதிப்பான 45.86ஆல் பெருக்கினால் 9,172. எரிபொருள் குறியீட்டெண்ணை 6.84ஆல் பெருக்கினால் 1,231.2. முதல் எண்ணிலிருந்து பின்னிரண்டையும் கழித்தால் 8,596.8 கிடைக்கும். இதை எஞ்சிய எடைமதிப்பான 47.30ஆல் வகுத்தால் 181.75. இதுவே அம்மாதத்தின் மையக் குறியீட்டெண்.

ஓராண்டுக்கு முன்பு இதே மாதத்தில் பொதுக் குறியீட்டெண் 182, உணவு 190, எரிபொருள் 175 ஆக இருந்திருந்தால், அதே முறையில் மையக் குறியீட்டெண் 175.26 என வரும். 175.26இலிருந்து 181.75 ஆக உயர்ந்திருப்பதால் மையப் பணவீக்கம் 3.7 சதவீதம். அதே காலத்தில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 4.4 சதவீதம், உணவுப் பணவீக்கம் 5.3 சதவீதம். உணவு விலை வேகமாக ஏறியதால் ஒட்டுமொத்த எண் மைய எண்ணைவிட உயர்ந்து நிற்கிறது.

நீக்கப்பட்டும் நீங்காத எரிபொருள்

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எரிபொருள் மற்றும் மின்சாரம் என்ற பிரிவில் சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், விறகு, மின்சாரம் போன்ற வீட்டு எரிபொருள்களே இடம்பெற்றிருந்தன. வாகனங்களுக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு என்ற பிரிவில் இருந்தன. அதாவது, எரிபொருளை நீக்கிவிட்டதாகச் சொல்லப்படும் மையப் பணவீக்கத்துக்குள் பெட்ரோலும் டீசலும் அப்படியே தங்கிவிட்டன. அவற்றின் எடைமதிப்பு முறையே 2.19, 0.15 சதவீதம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை மத்திய அரசு உயர்த்தியபோது இது வெளிப்பட்டது. மக்கள் வீட்டுக்குள் முடங்கி, தேவை படுத்துவிட்ட காலம் அது. பொருளாதாரப் பாடத்தின்படி மையப் பணவீக்கம் தணிந்திருக்க வேண்டும். ஆனால் எரிபொருள் வரியும் தங்கத்தின் விலையும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்தன.

எனவே பல ஆய்வாளர்கள் பெட்ரோலையும் டீசலையும் நீக்கிய மற்றொரு அளவையும் கணக்கிடுகின்றனர். அதன் எடைமதிப்பு 44.96 சதவீதம். தங்கத்தையும் வெள்ளியையும் கூட நீக்கினால் 43.77 சதவீதம் எஞ்சும்.

தங்கம் செய்த மாற்றம்

தங்க நகை 2012 வரிசையில் தனிநபர் பராமரிப்புப் பிரிவில் 1.08 சதவீத எடைமதிப்புடன் இடம்பெற்றிருந்தது. பார்வைக்குச் சிறிய எண். ஆனால் உணவும் எரிபொருளும் நீங்கிய பின் எஞ்சும் 47.30இல் அதன் பங்கு ஏறத்தாழ 2.3 சதவீதமாகிவிடுகிறது. தங்கத்தின் விலை ஓராண்டில் 50 சதவீதம் உயர்ந்தால், அதுமட்டுமே மையப் பணவீக்கத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கும் மேல் சேர்த்துவிடும். 2012க்குப் பின் தங்கம் மற்ற பொருள்களைவிட வேகமாக விலையேறியதால் குறியீட்டெண்ணில் அதன் உண்மையான தாக்கம் இதைவிடவும் அதிகம்.

2025இல் நடந்தது இதுதான். உலகச் சந்தையில் தங்கத்தின் விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. அக்டோபரில் 4 சதவீதத்தைத் தாண்டியிருந்த மையப் பணவீக்கம், தங்கத்தை நீக்கிப் பார்த்தபோது சுமார் 2.6 சதவீதமே என்று ரிசர்வ் வங்கி தெரிவித்தது. உள்நாட்டுத் தேவை கொதிப்பதால் விலை ஏறுகிறது என்று முதல் எண்ணைக் கொண்டு முடிவு கட்டியிருந்தால் அது பிழையாக முடிந்திருக்கும். அவ்வாண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 5.50இலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது.

வீட்டு வாடகையும் இத்தகைய திருகல்களுக்கு உட்பட்டதே. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2017 ஜூலை முதல் மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படி உயர்த்தப்பட்டது. அரசுக் குடியிருப்புகளின் வாடகை அப்படியின் அடிப்படையில் மதிப்பிடப்பட்டு வந்ததால், சந்தையில் வாடகை பெரிதாக ஏறாத நிலையிலும் குறியீட்டெண்ணில் வீட்டு வசதிப் பணவீக்கம் தாவி உயர்ந்தது. மையப் பணவீக்கமும் கூடவே உயர்ந்தது. அந்த நேரடிப் புள்ளியியல் விளைவைக் கருத்தில் கொள்ளாமல் கடந்து செல்வதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

விலக்குவதற்கு மாற்று வழிகள்

குறிப்பிட்ட பொருள்களை முன்கூட்டியே தீர்மானித்து எப்போதும் விலக்கிவைப்பது ஒரு முறை. எந்தப் பொருள் எந்த மாதத்தில் அலைபாய்கிறதோ அதை மட்டும் அந்த மாதத்தில் விலக்குவது மற்றொரு முறை. மைக்கேல் பிரையன், ஸ்டீபன் செச்செட்டி ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் வெளியான தங்கள் கட்டுரையில் இந்த இரண்டாவது முறையை முன்வைத்தனர்.

சம எடைமதிப்புள்ள ஐந்து பொருள்களின் விலை முறையே 3, 4, 4, 5, 60 சதவீதம் உயர்ந்ததாகக் கொள்வோம். அறுபது சதவீதம் உயர்ந்தது தக்காளியாக இருக்கலாம். ஐந்தின் சராசரி 15.2 சதவீதம். நான்கு பொருள்கள் 5 சதவீதத்துக்கு மேல் ஏறாதபோது 15.2 என்ற எண் எதையும் சரியாகக் காட்டவில்லை. மேலிருந்து ஒன்றையும் கீழிருந்து ஒன்றையும் வெட்டிவிட்டு எஞ்சிய மூன்றின் சராசரியைக் கண்டால் 4.3 சதவீதம். இது வெட்டிய சராசரி எனப்படுகிறது. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 4 சதவீதம். இது இடைநிலை அளவு. உண்மையான கணக்கில் ஒவ்வொரு பொருளின் எடைமதிப்பும் சேர்த்துக்கொள்ளப்படும்.

நாட்டுக்கு நாடு தேர்வு மாறுகிறது. அமெரிக்காவில் உணவும் எரிசக்தியும் நீங்கிய எண்ணே பரவலாகப் பேசப்படுகிறது. கிளீவ்லேண்ட் மத்திய வங்கிக் கிளை இடைநிலை அளவையும் வெட்டிய சராசரியையும் தனியே வெளியிடுகிறது. ஜப்பானில் மையக் குறியீட்டெண் என்றால் பச்சைக் காய்கறி, மீன் போன்ற புத்துணவுகள் மட்டும் நீங்கியது. அரிசியும் எரிசக்தியும் அதில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் ரிசர்வ் வங்கி வெட்டிய சராசரியையே முதன்மையாகக் கொள்கிறது. கனடா இடைநிலை அளவையும் வெட்டிய சராசரியையும் பின்பற்றுகிறது. ஆகவே இரு நாடுகளின் மையப் பணவீக்கத்தை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு நல்ல மைய அளவுக்குச் சில இலக்கணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. அது ஒட்டுமொத்தப் பணவீக்கத்தைவிடக் குறைவாக அலைபாய வேண்டும். நீண்டகாலச் சராசரியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் விலகி நிற்கும்போது, காலப்போக்கில் ஒட்டுமொத்தப் பணவீக்கமே மைய அளவை நோக்கித் திரும்பி வர வேண்டும். தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இறுதியாகச் சொன்ன இலக்கணத்தால்தான், புள்ளியியல் நோக்கில் மேம்பட்ட முறைகள் பல இருந்தும், உணவையும் எரிபொருளையும் நீக்கும் எளிய முறை இன்றும் நிலைத்திருக்கிறது.

மொத்த விலையிலிருந்து சில்லறை விலைக்கு

இந்தியாவில் பல ஆண்டுகள் மொத்த விலைக் குறியீட்டெண்ணே கொள்கை வகுப்போரின் முதன்மை அளவுகோலாக இருந்தது. அக்காலத்தில் உணவு அல்லாத ஆலை உற்பத்திப் பொருள்களின் விலை உயர்வையே ரிசர்வ் வங்கி மையப் பணவீக்கமாகக் கொண்டது. 2011-12 அடிப்படை ஆண்டு வரிசையில் அவற்றின் எடைமதிப்பு ஏறத்தாழ 55 சதவீதம். ஆனால் மொத்த விலைக் குறியீட்டெண்ணில் சேவைகளுக்கு இடமில்லை. வாடகையோ, மருத்துவமனைக் கட்டணமோ, பள்ளிக் கட்டணமோ, பேருந்துக் கட்டணமோ அதில் தென்படாது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. மொத்த விலை அடிப்படையிலான மைய அளவு 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அதே வேளையில் சில்லறைப் பணவீக்கம் நவம்பரில் 11 சதவீதத்தைத் தாண்டியது. ஓர் எண் விலைவாசி அடங்கியிருப்பதாகக் கூறியது. மற்றொன்று குடும்பங்களின் வாங்கும் திறன் கரைந்துகொண்டிருப்பதைக் காட்டியது. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த உர்ஜித் பட்டேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் அளித்த அறிக்கை, இனி சில்லறைப் பணவீக்கமே கொள்கையின் நங்கூரமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உணவையும் எரிபொருளையும் நீக்காத ஒட்டுமொத்த எண்ணே இலக்காக வேண்டும் என்பதும் அப்பரிந்துரையின் பகுதி.

2015 பிப்ரவரியில் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் இதற்கான ஒப்பந்தம் செய்துகொண்டன. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆறு உறுப்பினர்கள் கொண்ட பணக்கொள்கைக் குழு உருவாயிற்று. ஒட்டுமொத்தச் சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பது இலக்கு. கீழே 2 சதவீதம், மேலே 6 சதவீதம் என எல்லைகள் வகுக்கப்பட்டன. 2021இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு இதே இலக்கு நீட்டிக்கப்பட்டது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரிப் பணவீக்கம் எல்லைக்கு வெளியே சென்றால் ரிசர்வ் வங்கி அதற்கான காரணத்தை அரசுக்கு விளக்க வேண்டும். 2022இல் ஜனவரி முதல் செப்டம்பர் வரை அந்நிலை ஏற்பட்டு, நவம்பரில் பணக்கொள்கைக் குழு சிறப்புக் கூட்டம் நடத்தியது.

ஆகச் சட்டப்படி இலக்கு ஒட்டுமொத்தப் பணவீக்கமே. மையப் பணவீக்கம் அந்த இலக்கை அடையும் பாதையைக் காட்டும் வழிகாட்டி.

தக்காளியும் வட்டி விகிதமும்

2023 ஜூலையில் தக்காளி விலை முந்தைய ஆண்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கானது. காய்கறிப் பணவீக்கம் 37 சதவீதத்தைக் கடந்தது. ஒட்டுமொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதமாக எகிறியது. மையப் பணவீக்கம் சுமார் 5 சதவீதமாகவே இருந்தது. வட்டியை உயர்த்தினால் தக்காளி கூடுதலாக விளையாது என்பதால் ரிசர்வ் வங்கி அப்போது ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலேயே நிறுத்திவைத்தது.

ஆனால் அடுத்த கட்டம் எளிதாக இருக்கவில்லை. 2024இல் மையப் பணவீக்கம் தொடர்ந்து தணிந்து, ஒரு கட்டத்தில் 3 சதவீதத்தை ஒட்டிச் சென்றது. உணவு விலையோ அடங்கவில்லை. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம்; ஒட்டுமொத்தப் பணவீக்கம் 6.21 சதவீதம். மைய எண்ணைப் பார்த்தால் வட்டியைக் குறைக்கலாம். ஒட்டுமொத்த எண்ணைப் பார்த்தால் குறைக்க இயலாது. 2023 பிப்ரவரியில் நிர்ணயித்த 6.50 சதவீத ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரி வரை இரண்டாண்டுகள் மாறாமல் இருந்தது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் புதிய மாறுவட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளதால், இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான இழுபறி கடன் வாங்கிய குடும்பங்களின் மாதத் தவணையில் நேரடியாக எதிரொலித்தது.

இரு தரப்பு வாதங்கள்

2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, உணவு நீங்கிய பணவீக்கத்தை இலக்காகக் கொள்வது குறித்து ஆராயலாம் என்று யோசனை தெரிவித்தது. உணவு விலை பெரும்பாலும் வழங்கலால் தீர்மானிக்கப்படுகிறது. வட்டிக் கொள்கை தேவையை மட்டுமே கட்டுப்படுத்தும். எனவே உணவுக்காக வட்டியை உயர்த்தி வைத்திருப்பது தொழில் முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் காரணமின்றித் தண்டிப்பதாகும். ஏழைகள் மீதான உணவு விலைச் சுமையை நேரடிப் பணப் பரிமாற்றம் அல்லது கூப்பன் வழியே ஈடுசெய்யலாம் என்பது அத்தரப்பின் வாதம். அவ்வாண்டு நவம்பரில் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலும் வட்டி முடிவுகளில் உணவு விலையைக் கலக்கக் கூடாது என்ற தம் கருத்தைத் தெரிவித்தார்.

எதிர்த்தரப்பு முன்வைப்பதும் வலுவான காரணங்களே. 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி கிராமப்புறக் குடும்பம் தன் நுகர்வுச் செலவில் 47.04 சதவீதத்தை உணவுக்குச் செலவிடுகிறது; நகர்ப்புறத்தில் இது 39.68 சதவீதம். செலவில் ஏறத்தாழ பாதியை விட்டுவிட்ட ஓர் எண்ணைக் காட்டி விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு மத்திய வங்கி சொன்னால் அதை மக்கள் நம்ப மாட்டார்கள். முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் இக்கருத்தை வலியுறுத்தியவர்களில் ஒருவர்.

இரண்டாவது காரணம் பரவல். அரிசி, பருப்பு, எண்ணெய் விலை தொடர்ந்து உயர்ந்தால் தொழிலாளர் கூடுதல் கூலி கேட்பர். அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, உணவையும் உள்ளடக்கிய தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. கூலி உயர்ந்தால் உணவகம், போக்குவரத்து, பழுதுபார்ப்பு, வீட்டு வேலை எனச் சேவைகளின் விலை ஏறும். உணவில் தொடங்கிய தீ மையத்தில் பற்றிக்கொள்ளும். வளர்ந்த நாடுகளில் உணவின் எடைமதிப்பு குறைவு என்பதால் அங்கே இந்தப் பரவல் மெலிதானது. இந்தியாவில் அவ்வாறு கொள்ள முடியாது. ஒரு மாதம், இரண்டு மாதம் நீடிக்கும் காய்கறி விலை உயர்வைப் புறக்கணிக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் உணவு விலை உயர்வைத் தற்காலிகம் என்று ஒதுக்க இயலாது.

ரிசர்வ் வங்கி 2025 ஆகஸ்டில் பணக்கொள்கைக் கட்டமைப்பை மறுஆய்வு செய்வதற்கான கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. அதில் பொதுமக்களின் கருத்துக்காக முன்வைத்த கேள்விகளில் முதன்மையானது, ஒட்டுமொத்தப் பணவீக்கம், மையப் பணவீக்கம் இவற்றுள் எது கொள்கையை வழிநடத்த வேண்டும் என்பதே.

புதிய வரிசை

2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வரிசை 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வே அதன் அடித்தளம். உணவு மற்றும் பானங்களின் எடைமதிப்பு 45.86இலிருந்து சுமார் 37 சதவீதமாகக் குறைந்தது. கிராமப்புற வீட்டு வாடகையும் கணக்கில் சேர்க்கப்பட்டது; பழைய வரிசையில் அதற்கு இடமில்லை.

உணவின் எடைமதிப்பு குறைந்ததற்கு மக்களின் செலவுப் பழக்கம் மாறியது மட்டுமே காரணம் அன்று. பழைய வரிசையில் உணவக உணவு, சிற்றுண்டி, இனிப்பு போன்ற சமைத்த பண்டங்கள் 5.55 சதவீத எடைமதிப்புடன் உணவுப் பிரிவுக்குள் இருந்தன. பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்றும் புதிய வரிசையில் உணவகச் சேவை தனிப் பிரிவாகிவிட்டது. அதேபோல் வீட்டு வசதி, தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவை ஒரே பிரிவின் கீழ் வருகின்றன. ஆகவே உணவையும் எரிபொருளையும் நீக்குவது என்ற பழைய சூத்திரத்தை அப்படியே பொருத்த முடியாது. துணைப் பிரிவுகள் வரை இறங்கித்தான் பிரித்தெடுக்க வேண்டும். உணவகத்தில் உண்ணும் இட்லியின் விலை உணவைச் சேர்ந்ததா, சேவையைச் சேர்ந்ததா என்பதற்கு ஏற்ப மையப் பணவீக்கத்தின் பரப்பும் மாறும். பழைய வரிசையின் மைய எண்ணையும் புதிய வரிசையின் மைய எண்ணையும் நேரடியாக ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது

மாதாந்தர அறிவிப்பைப் பார்க்கும் வாசகர்கள் மூன்று செய்திகளைக் கவனித்தால் போதுமானது.

முதலாவது, எதை நீக்கிய எண் அது என்பது. உணவும் வீட்டு எரிபொருளும் மட்டும் நீங்கியதா, பெட்ரோல், டீசல், தங்கம் ஆகியவையும் நீங்கியதா என்பதைப் பொறுத்து ஒரே மாதத்தின் எண் கணிசமாக மாறக்கூடும்.

இரண்டாவது, முந்தைய ஆண்டின் நிலை. பணவீக்கம் ஓராண்டுக்கு முந்தைய அதே மாதத்துடன் ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. 2023 ஜூலையில் 7.44 சதவீதமாக இருந்த ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2024 ஜூலையில் சுமார் 3.5 சதவீதமாகக் குறைந்ததில், முந்தைய ஆண்டு அடித்தளம் உயர்ந்திருந்ததற்குப் பெரும் பங்கு உண்டு. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளாகாது. விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள்.

மூன்றாவது, இரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி எத்தனை மாதங்கள் நீடிக்கிறது என்பது. சில மாதங்களில் மூடிக்கொள்ளும் இடைவெளி பருவமழையின் கதையைச் சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் நீளும் இடைவெளி, இரண்டில் ஏதோ ஓர் எண் நாட்டின் உண்மை நிலையைக் காட்டத் தவறுகிறது என்பதன் அறிகுறி. 2013இல் அத்தகைய ஓர் இடைவெளியே நாட்டின் பணக்கொள்கையை மாற்றி எழுதச் செய்தது.